விலையில்லாத வாங்கு
பிறீ மெதடிஸ்த திருச்சபையின் வரலாறும் நம்பிக்கைகளும்

சிவனொளிபாதமலையின் உச்சியில் இருப்பது ஒரே ஓர் அடிச்சுவடு. பௌத்தர்கள் அதைப் புத்தபிரானுடையது என்பார்கள். சைவர்கள் சிவபெருமானுடையது என்பார்கள். முஸ்லிம்கள் பாவா ஆதமுடையது என்பார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்பார்கள். அந்த மலைக்குப் போகும் பாதையில் வளர்ந்தவர்கள் நாம். நம் வகுப்பறைகளும் அப்படித்தான் இருந்தன. திருநீறும் சிலுவையும் முக்காடும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து படித்தன. அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான், நம் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒரு சிறிய கிறிஸ்தவ சபையின் கதையை எழுதத் துணிகிறேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்லள்.

பிறீ மெதடிஸ்த திருச்சபை என்பது அதன் பெயர். 'பிறீ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலவசம் என்றும் பொருள், சுதந்திரம் என்றும் பொருள். இந்தச் சபை இரண்டு பொருளையும் மனதில் வைத்தே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. பழைமையில் பிடிப்புள்ள, கட்டுப்பாடு மிகுந்த சபை என்று பெயர் எடுத்தது அது. ஆனால் அது பிறந்ததோ, யார் எந்த வாங்கில் உட்காரலாம் என்ற கேள்வியிலிருந்து. மலையகத்துப் பெண்களாகிய நமக்கு அது சிறிய கேள்வி அன்று.

மெதடிஸ்தர் என்போர் யார்?

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1729ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் வெஸ்லி, அவருடைய தம்பி சார்ள்ஸ் வெஸ்லி ஆகியோரைச் சுற்றி ஒரு சிறு குழு கூடியது. நேரம் குறித்து ஜெபிப்பதும், சிறைக்கூடங்களுக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பதும், செலவைக் குறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதும் அவர்கள் வழக்கம். எல்லாவற்றையும் ஒரு முறைப்படி செய்கிறார்களே என்று மற்ற மாணவர்கள் கேலியாகச் சூட்டிய பெயர்தான் 'மெதடிஸ்ற்'. கேலிப் பெயரே பிறகு ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

1742இல் பிறிஸ்டல் நகரில் நடந்த ஒரு சம்பவம் இந்த இயக்கத்தின் அடிப்படை அமைப்பை உருவாக்கியது. கூட்ட மண்டபத்தைக் கட்டிய கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்றார் ஒருவர். பலரிடம் அந்த ஒரு பென்னியும் இல்லையே என்று பதில் வந்தது. அப்போது போய் என்ற பழைய கப்பித்தான் ஒருவர், மிக ஏழைகளான 11 பேரைத் தன் பொறுப்பில் விடுமாறும், அவர்களால் கொடுக்க முடியாததைத் தானே கட்டுவதாகவும் சொன்னார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் 11 பேரைப் பொறுப்பேற்றார்கள். காசு சேர்க்க வாரந்தோறும் வீடு வீடாகப் போனவர்கள், யாருக்கு நோய், யாருக்கு வேலை இல்லை, யார் வீட்டில் சண்டை என்பதையும் அறிந்து வந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் குழுவே 'வகுப்பு' எனப்பட்டது. பல வகுப்புகளுக்குப் பெண்களே தலைமை தாங்கினார்கள். நம் லயங்களில் சீட்டுப் பிடிக்கும் அக்காமாரை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு எப்படி இயங்கியது என்பது உடனே விளங்கும்.

வைத்தியர் என்ற முறையில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். வெஸ்லி 1746இல் இலண்டனில் ஏழைகளுக்காக இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். மறு ஆண்டு, வைத்தியருக்குக் காசு கொடுக்க இயலாதவர்களுக்காகக் கைமருத்துவ நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் காலத்திலேயே அது இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. அதிலுள்ள மருந்துகளில் பலவற்றை இன்று நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் சுத்தம், நடை, அளவான உணவு, போதிய உறக்கம் பற்றி அவர் வற்புறுத்தியவற்றை இன்றும் என் கிளினிக்கில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடிமை வியாபாரத்தை அவர் வெறுத்தார். 1774இல் அதற்கு எதிராகத் தனி நூல் எழுதினார். 1791 மார்ச்சில் அவர் காலமாவதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய கடைசிக் கடிதங்களுள் ஒன்று, அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சுக்கு எழுதிய ஊக்கக் கடிதமாகும்.

நம் தீவுக்கு வந்தது

இலங்கைக்கு மெதடிஸ்தம் வந்தது 1814இல். அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக் மே 3ஆம் திகதி இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்துபோனார். அவருடன் புறப்பட்ட இளைஞர்கள் பணியைக் கைவிடவில்லை. ஜூன் இறுதியில் அவர்கள் காலிக் கரையை அடைந்தார்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் ஆகிய இருவர் யாழ்ப்பாணம் சென்றார்கள். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குச் சென்று, ஓராண்டு முடியுமுன்பே அங்கு காலமானார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, யாழ் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி முதலியவை அந்த மரபில் வந்தவை. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை இங்கிலாந்துச் சபையிலிருந்து தனித்து, சுயமாக இயங்கத் தொடங்கியது.

மலையகத்தின் கதை வேறு. இங்கே கோப்பிக் காலத்திலேயே, 1854இல், அங்கிலிக்கன் சபையினர் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்துத் தொழிலாளரிடையே பணி தொடங்கினார்கள். அந்தப் பணிக்கு இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. சமயப் பணியின் பெயரிலேயே மனிதரின் படிநிலை எழுதப்பட்டிருந்த காலம் அது. துரைமார் வழிபடுவதற்குக் கட்டிய கல் கோயில்கள் டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் இன்றும் அழகாக நிற்கின்றன. துரைக்கு முன் தொழிலாளி உட்காருவது என்பது அக்காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. அந்த வழக்கம் உடம்பில் ஊறி எத்தனை தலைமுறை நீடிக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நாற்காலியைக் காட்டி "இருங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகும், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டே தன் வருத்தத்தைச் சொல்லும் தாய்மார் இன்றும் வருகிறார்கள்.

வாங்குக்கு வாடகை

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே மெதடிஸ்த சபை 1784இல் முறையாக அமைந்தது. தொடக்கத்தில் அது ஏழைகளின் சபை. குதிரை மீது ஊர் ஊராகப் போன போதகர்களின் சபை. அடிமை வைத்திருப்பதை அது கண்டித்தது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்குள் சபையாருக்குப் பணம் சேர்ந்தது. தெற்கே அடிமைகளும் சேர்ந்தார்கள். அடிமை முறை பற்றிய தகராறில் 1844இல் சபை வடக்கு, தெற்கு என்று பிளந்தது. வடக்கிலும் பலர் இந்த விடயத்தைப் பேசாமல் இருப்பதே புத்தி என்று நினைத்தார்கள்.

நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பபலோ போன்ற நகரங்களில், பெரிய ஆலயங்கள் எழுந்தன. கட்டடச் செலவுக்குப் பணம் வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி கண்டார்கள். ஆலயத்து வாங்குகளைக் குடும்பங்களுக்கு விற்பது, அல்லது ஆண்டு வாடகைக்கு விடுவது. முன்வரிசைக்குக் கூடிய விலை. காசில்லாதவர் பின்னால் ஓரிடம் கிடைத்தால் உட்காரலாம்; இல்லையேல் நிற்கலாம். செல்வந்தருக்கு நல்ல ஆசனம் கொடுத்து ஏழையை நிற்க வைப்பதைக் கண்டிக்கும் பகுதி யாக்கோபு நிருபத்திலேயே இருக்கிறது. அதை வாசிக்கும் ஆலயத்திலேயே இது நடந்தது.

பெஞ்சமின் டைற்றஸ் றொபர்ட்ஸ் என்ற இளம் போதகர் இதை எதிர்த்தார். 1823இல் பிறந்தவர் அவர். 1857இல் ஒரு கட்டுரை எழுதினார். வாங்கு வாடகை, வேடிக்கைச் சந்தைகள் நடத்திப் பணம் திரட்டுதல், இரகசியச் சங்கங்களின் செல்வாக்கு ஆகியவற்றைச் சுட்டி, இது வெஸ்லியின் வழியல்ல, புதிதாகப் புனைந்த மெதடிஸ்தம் என்று சொன்னார். ஜெனசீ மகாநாடு என்ற பிராந்திய சபை அவரை விசாரித்துக் கண்டித்தது. மறு ஆண்டு, 1858இல், அவரைச் சபையிலிருந்தே நீக்கியது. 1860இல் மேன்முறையீடும் பலிக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி பெக்கின் என்ற சிற்றூரில், அவரும் அவரைப் போல வெளியேற்றப்பட்ட போதகர்களும் விசுவாசிகளும் கூடிப் புதிய சபையை நிறுவினார்கள். அதுவே பிறீ மெதடிஸ்த திருச்சபை.

பெயரில் இருந்த சுதந்திரங்கள் இவை: வாங்குகள் எல்லோருக்கும் இலவசம், அடிமைக்கு விடுதலை, அதாவது அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை, இரகசியச் சங்கக் கட்டிலிருந்து விடுதலை, வழிபாட்டில் ஆவியானவரின் சுதந்திரம். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது.

ஐம்பது ஆண்டுகளின் பின், 1910இல், அதே ஜெனசீ மகாநாடு தான் செய்தது தவறு என்று ஏற்றுக்கொண்டு, றொபர்ட்சின் பணிச் சான்றுகளை அவருடைய மகனிடம் திருப்பிக் கொடுத்தது. றொபர்ட்ஸ் 1893இலேயே காலமாகிவிட்டார்.

அவர்கள் நம்புவது என்ன?

கோட்பாட்டில் இந்தச் சபை புதிதாக எதையும் சொல்லவில்லை. வெஸ்லி சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டது என்பதே அதன் பெருமை. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கடவுளின் கிருபை எல்லோருக்கும் உரியது. மீட்கப்படுவோர் யார், கைவிடப்படுவோர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை. மனிதர் மனம் திரும்புவதற்கு முன்பே அந்தக் கிருபை அவர்களிடம் வந்து நிற்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். தலையெழுத்து என்ற சொல் எங்கும் கேட்கும் நம் லயங்களில் இது எவ்வளவு பெரிய பேச்சு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, நற்செயல்களைக் கூலியாகக் கொடுத்து மீட்பை வாங்க முடியாது. விசுவாசத்தினால் அது கிடைக்கிறது. கிடைத்ததற்கான நிச்சயத்தை மனிதர் தம் உள்ளத்தில் உணரலாம்.

மூன்றாவதே இந்தச் சபையின் தனி அடையாளம்: முழுமையான பரிசுத்தமாக்கப்படுதல். மன்னிப்புப் பெற்றதோடு காரியம் முடியவில்லை. உள்ளம் முழுவதும் அன்பினால் நிறையும் நிலையை இந்த வாழ்விலேயே அடையலாம், அடைய வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிழையே விடாத மனிதராகிவிடுவது என்று இதற்குப் பொருளில்லை. நோக்கத்தில் கலப்படம் இல்லாமல் இருப்பதே பொருள்.

மேலும், வேதாகமமே நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் அளவுகோல்; ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டு திருவருட்சாதனங்கள்; திருவிருந்து அடையாளமாக மட்டுமன்றிக் கிருபை பெறும் வழியாகவும் கருதப்படுகிறது. இவை மற்ற மெதடிஸ்தர்களும் ஏற்பவையே.

மதுவும் தங்கமும்

இந்தச் சபைக்குக் கண்டிப்பான சபை என்ற பெயர் வந்தது அன்றாட ஒழுங்குகளால். மதுவும் புகையிலையும் கூடாது. நகையும் ஆடம்பர உடையும் கூடாது. பல தலைமுறைகளாகத் திருமண மோதிரத்தைக்கூட அவர்கள் தவிர்த்தார்கள். ஆலயத்தில் இசைக்கருவி கூடாது. குரலால் மட்டுமே பாடினார்கள். 1943இல்தான் இசைக்கருவிக்கு அனுமதி கிடைத்தது. தப்பும் உடுக்கும் இல்லாமல் திருவிழாவையே நினைக்க முடியாத நமக்கு இது வியப்பாக இருக்கும்.

இவற்றுக்குள் ஒரு நியாயம் இருந்தது. பட்டும் தங்கமும் அணிந்து வருபவருக்கு அருகில் கந்தல் உடுத்தியவர் கூசாமல் உட்கார முடியுமா? வாங்கை இலவசமாக்கினால் மட்டும் போதாது, அருகில் உட்காருபவரின் தோற்றமும் அவரைத் துரத்தக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். நாம் எல்லோரும் ஒரே வெள்ளைச் சீருடை அணிந்தது எதற்காகவோ, ஏறக்குறைய அதற்காகத்தான்.

மது பற்றிய கட்டளையை நான் ஒரு வைத்தியராகவே வாசிக்கிறேன். சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் தோட்டப் பகுதி வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் இருந்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. வீங்கிய கன்னத்துடன் வந்து "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லும் பெண்ணின் கதையும், முப்பத்தைந்து வயதில் வயிறு வீங்கி வரும் ஆணின் கதையும் ஒரே போத்தலில் தொடங்குகின்றன. மதுவைத் தடுப்பது பழைமைவாதம் என்று கொழும்பில் இருந்து சொல்வது எளிது.

ஆனால் தங்கம் பற்றிய கட்டளையை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. செல்வந்தர் வாழ்ந்த ஓர் அமெரிக்க நகரத்தில் தங்கம் பகட்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அது வங்கி. காணி அவள் பெயரில் இல்லை. லயக் காம்பரா அவளுக்குச் சொந்தமில்லை. நாட் சம்பளமும் நெடுங்காலம் அவள் கைக்கு வராமல் வீட்டு ஆணின் கைக்கே போனது. அவளுக்கென்று இருந்தவை காதிலும் கழுத்திலும் இருந்தவையே. இந்த மலரை வாசிக்கும் எத்தனை பேருடைய உயர்தரப் பரீட்சைக்காகவும் பல்கலைக்கழகப் பயணத்துக்காகவும் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது என்பதை அவரவர் அறிவோம். ஒரே கட்டளை ஓரிடத்தில் ஏழையைக் காக்கும், இன்னோரிடத்தில் ஏழையின் கடைசிக் காப்பையும் கேட்கும். நம்பிக்கைகளை மதிப்பிடும்போது அவை எந்த மண்ணில் முளைத்தன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கான வாங்கு

றொபர்ட்ஸ் தம் கொள்கையைப் பாதியில் நிறுத்தியவரல்லர். கிருபை எல்லோருக்கும் என்றால் பிரசங்க பீடம் மட்டும் ஏன் ஆண்களுக்கு என்று கேட்டார். பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் வழங்க வேண்டும் என்று வேதாகமத்தையே ஆதாரமாகக் காட்டி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பொது மகாநாட்டில் இந்தக் கோரிக்கை தோற்றிருந்தது. நிறுவியவர் கேட்டதையே அவர் நிறுவிய சபை மறுத்தது. பெண்கள் சுவிசேஷகிகளாகப் பிரசங்கம் செய்யலாம், புதிய சபைகளை உருவாக்கலாம், அவற்றை நடத்தலாம். முழு அபிஷேகம் மட்டும் இல்லை. 1911இல் உதவிக்குரு நிலை கிடைத்தது. முழுக் குருத்துவம் 1974இல்தான் கிடைத்தது. அமெரிக்காவின் பெரிய மெதடிஸ்த சபை 1956இலேயே அதைக் கொடுத்துவிட்டது.

அதே பெரிய சபையின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிந்த கிளைகள் 1939இல் மீண்டும் ஒன்றிணைந்தபோது, கறுப்பின மக்களின் சபைகளை அது தனிப் பிரிவாக ஒதுக்கி வைத்தது. அந்த ஒதுக்கல் 1968 வரை நீடித்தது. ஒரு வாங்கைத் திறந்தவர் இன்னொரு வாங்கை மூடியே வைத்திருந்தார். எந்தச் சபையும் இதில் முழுமையாகத் தேறவில்லை.

இந்தியாவில் ஒரு கிளை

1881இல் ஏர்ணஸ்ட் வார்ட், பீபி வார்ட் என்ற தம்பதியர் இந்தியா வந்தார்கள். பிறீ மெதடிஸ்தரின் இந்தியப் பணிக்கு அவர்களே முன்னோடிகள். பிறகு மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதி அந்தப் பணியின் மையமானது. அப்பகுதியிலுள்ள உம்ரியில் ஒரு வைத்தியசாலையும் எழுந்தது. பல சபைகள் சேர்ந்து நடத்தும் யூனியன் பிப்ளிக்கல் செமினரி 1953இல் யவத்மாலில் தொடங்கி, 1983இல் புனேக்கு மாறியது.

நம்மைப் போன்ற பெண்கள் பாடசாலைக்காரர் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் உறவும் உண்டு. சமஸ்கிருதப் பண்டிதையாகப் புகழ்பெற்று, இளம் விதவைகளுக்காக 1889இல் பம்பாயில் சாரதா சதனையும், பின்னர் கேட்காவில் முக்தி மிஷனையும் தொடங்கிய பண்டித ரமாபாயை வரலாற்றுப் பாடத்தில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய ஒரே மகள் மனோரமாபாய் அமெரிக்காவில் படித்தது, றொபர்ட்ஸ் நியூயோர்க் மாநிலத்தின் நோர்த் சிலியில் நிறுவிய கல்விக்கூடத்தில். படிப்பு முடிந்து திரும்பியவர் தாயின் பணியில் தோள்கொடுத்து, தாய்க்கு ஓராண்டு முன்பாக 1921இல் காலமானார். ரமாபாய் அந்தச் சபையில் சேரவில்லை. ஆயினும் வாங்கை இலவசமாக்கிய ஒரு மனிதரின் பாடசாலையில் அவர் மகளுக்கு ஓர் இடம் இருந்தது.

இன்று பிறீ மெதடிஸ்தர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்காவுக்கு வெளியே, முக்கியமாக ஆபிரிக்காவில் இருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

நம் வாங்குகளும் இலகுவாகக் கிடைத்தவை அல்ல. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், பிரட்டுக்குப் போகும் வயது வரும் வரை படிப்பு. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியேயே நின்றன. 1977இலிருந்துதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன் பிறகு பாடசாலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களில் நானும் ஒருத்தி. எனக்கு முந்திய தலைமுறையில் நாலாம் ஐந்தாம் வகுப்போடு நின்று கூடையைத் தூக்கியவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகளாக இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வாங்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று நம் சங்கத்தின் உறுப்பினர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். நல்ல மனதோடு பணம் அனுப்புகிறார்கள். கட்டடம், கணினி அறை, விஞ்ஞான கூடம் எல்லாம் தேவைதான். பபலோவின் போதகர்களும் கெட்ட எண்ணத்தோடு வாங்கை வாடகைக்கு விடவில்லை. கட்டடத்துக்குப் பணம் தேவைப்பட்டது. தேவை நல்லதாக இருந்தபடியால்தான் ஒருவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. எந்தப் பாடசாலைக்கும் அந்த ஆபத்து உண்டு. அனுமதிக்கு ஒரு தொகை, சுற்றுலாவுக்கு ஒரு தொகை, விழாவுக்கு ஒரு தொகை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகவே தோன்றும். எல்லாம் கூடும் நாளில், கொழுந்துக்காரியின் மகள் ஒருத்தி காரணம் சொல்லாமல் பாடசாலைக்கு வராமல் விடுவாள்.

ஆகவே நூற்றாண்டு நிதி பற்றிக் கூடிப் பேசும்போது, சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். கப்பித்தான் போய் செய்தது போல, வசதியுள்ள ஒவ்வொரு பழைய மாணவியும் இப்போது படிக்கும் பிள்ளைகளில் மிக இயலாத 11 பேரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். பதினொன்று முடியாவிட்டால் ஒன்று. காசு மட்டும் போதாது. மாதம் ஒரு முறை தொலைபேசியிலாவது விசாரிக்க வேண்டும். யாருக்குச் சுகமில்லை, யார் வீட்டில் பிரச்சினை, யாருக்குச் சப்பாத்து இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். உதவி பெறும் பிள்ளையின் பெயர் எந்தப் பலகையிலும், எந்த மேடையிலும், எந்தப் புகைப்படத்திலும் வர வேண்டாம். விழா நாளில் முன்வரிசை நாற்காலிகளில், இந்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் தாய்மார் உட்காரட்டும். நாங்கள் பின்னால் இருந்து பார்த்துக்கொள்வோம்.